நர்ஸ் வராத நர்சிங் ரூம்

நான் அலுவலகத்தில் தூங்கியிருக்கிறேன். ஏதோ ஒரு நாள் அசதியில் கண் சொருகிப்போன கதை என்று நினைத்துவிடாதீர்கள். படிவம் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, அனுமதி வாங்கி, தினமும் மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டு மணிவரை கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஐந்து வாரம் தூங்கினேன். மென்பொருள் துறையில் இருப்பவர்கள் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். 'மீட்டிங்ல இருந்தேன்' என்பார்கள். நானும் அப்படிச் சொல்லித் தப்பித்திருப்பேன். ஆனால் அந்தத் தூக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவையும் அம்மாவையும் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டின் நடுவில் வாயடைத்து நிற்க வைத்துவிட்டது. அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது?

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஈரோட்டுப் பெண். கோயம்புத்தூரில் மூன்று வருடம் டெஸ்டிங் வேலை பார்த்துவிட்டு, ஓர் ஏஜென்சி மூலமாகச் சிங்கப்பூருக்கு வந்து இறங்கியிருந்தேன். டெஸ்டிங் என்றால், அடுத்தவர் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்லும் வேலை. (சொந்த ஓட்டைகள் அதில் சேராது.) அலுவலகம் டோபி காட் என்ற இடத்தில். வாடிக்கையாளர் நியூசிலாந்தில். அவர்கள் ஒன்பது மணிக்குக் கையில் காபியோடு வந்து உட்காரும்போது சிங்கப்பூரில் விடியற்காலை ஐந்து.

"காலைல கொஞ்ச நேரம் அவங்க மீட்டிங்கை மட்டும் அட்டெண்ட் பண்ணிடுங்க கவிதா" என்றார் எங்கள் டீம் லீட்.

கொஞ்ச நேரம் என்பது ஐந்திலிருந்து எட்டு. அதற்குப் பிறகு குளித்து, ரயில் ஏறி, ஒன்பதரைக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். மற்றவர்கள் ஏழு மணிவரை உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் நன்றாக இருக்காது. அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகவே முடிவு செய்துகொண்டேன். வேலை பாஸ் கைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வாயைத் திறந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று ஒரு பயம். அந்த நாள்களில் சிங்கப்பூர் அரசாங்கத்திடம் இருந்ததைவிட அதிகமான சட்டங்கள் என் தலைக்குள் இருந்தன.

சிராங்கூனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மா நல்லவர்தான். சமைக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, இரண்டே நிபந்தனைகள். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கு நான் போர்வைக்குள் மடிக்கணினியோடு புகுந்துகொண்டு, கிசுகிசுப்பாக மென்பொருளின் குறைகளை எடுத்துரைப்பேன். முதல் மாதம் முழுக்க நியூசிலாந்துக்காரர்கள் என்னைத் தொண்டைப் புண் வந்த பெண் என்றே நினைத்திருந்தார்கள். ஒருவர் தேனும் எலுமிச்சையும் கலந்து குடிக்கச் சொன்னார். (குடித்தேன். அவ்வளவு அக்கறையாக யாராவது சொல்லி நாளாகியிருந்தது.)

அந்த இரண்டு மாதத்தில் என்னோடு நேருக்கு நேர் பேசியவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அலுவலகத்தில் எல்லோரும் மரியாதையானவர்கள். 'ஹாய் கவிதா', 'பை கவிதா'. நடுவில் ஒன்றும் கிடையாது. மதியம் பன்னிரண்டரைக்கு மூன்று நான்கு பேராகச் சேர்ந்து சாப்பிடக் கிளம்புவார்கள். நான் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன், ஏதோ முக்கியமான வேலை இருப்பதுபோல. அவர்கள் போன பிறகு கீழே இறங்கி ஒரு பொட்டலம் வாங்கி வந்து மேசையிலேயே சாப்பிடுவேன். தமிழில் தினமும் என்னிடம் பேசியது ஒரே ஒரு குரல்தான்: ரயிலிலிருந்து இறங்கும்போது இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் அறிவிப்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்கு ஃபோன் செய்யும்போது "இங்க எல்லாரும் நல்லாப் பழகறாங்கம்மா" என்பேன்.

மதியம் ஒன்றரை ஆனால் தூக்கம் வந்துவிடும். தூக்கம் என்று அதைச் சொல்வது குறைவு. யாரோ பின்னாலிருந்து தலையில் சாக்கைக் கவிழ்ப்பதுபோல இருக்கும். ஒரு நாள் நெற்றி விசைப்பலகையில் சாய்ந்து, நியூசிலாந்து மேலாளருக்கு இரண்டு பக்க நீளத்துக்கு ஒரே எழுத்தை அனுப்பிவிட்டேன். 'இதைக் கொஞ்சம் விளக்க முடியுமா?' என்று அவர் பணிவாகப் பதில் போட்டிருந்தார். இன்னொரு நாள் கழிப்பறையில் உட்கார்ந்தபடியே தூங்கி, கதவைத் தட்டி எழுப்பப்பட்டேன்.

அப்போதுதான் அந்த அறையைப் பார்த்தேன்.

காபி போட்டுக்கொள்ளும் பேன்ட்ரிக்குப் பின்னாலிருந்த நடைவழியின் கடைசியில் ஒரு கதவு. 'நர்சிங் ரூம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பாட்டில் படம். எங்கள் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் ஆஸ்பத்திரி. அப்படியானால் நர்சிங் ரூம் என்பது நர்ஸ் இருக்கும் அறை, உடம்பு சரியில்லாதவர்கள் படுக்கும் அறை. பாட்டில், டானிக் பாட்டில். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? கதவைத் தள்ளிப் பார்த்தேன். மெத்தென்ற சாய்வு நாற்காலி, மங்கலான விளக்கு, திரைச்சீலை, கை கழுவும் தொட்டி, மருந்துகள் வைக்க ஒரு சின்ன குளிர்பெட்டி. எப்பேர்ப்பட்ட கம்பெனி என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அலுவலக நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஜாய்ஸ் என்ற சீனப் பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவரிடம் போய்த் தயங்கித் தயங்கி, "மதியம் தினமும் அரை மணி நேரம் நர்சிங் ரூமைப் பயன்படுத்திக்கலாமா?" என்று கேட்டேன். (நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். சிங்கப்பூரில் எந்த மொழி பேசினாலும் கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.)

ஜாய்ஸின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "ஐயோ, இதைக் கேட்க ஏன் இவ்வளவு கூச்சம்? இது உன் உரிமை லா! முன்னாடியே சொல்லியிருக்கலாமே. இவ்வளவு நாள் எப்படிச் சமாளிச்சே?"

"டாய்லெட்ல" என்றேன்.

"டாய்லெட்லயா!" அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பாவம், பாவம். எந்த நேரம் வேணும்?"

"ஒன்றரை."

"அதை இன்னொருத்தர் எடுத்திருக்காங்க. பரவாயில்ல, நான் பேசிப் பாக்கறேன்."

மறுநாளே அந்த நேரம் எனக்குக் கிடைத்தது. படிவத்தில் என் பெயரும் நேரமும் மட்டும்தான் கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். அன்று மதியம் ஒன்றரைக்கு உள்ளே போய்த் தாழிட்டு, சாய்ந்து, கண்ணை மூடினேன். சிங்கப்பூர் வந்தபிறகு நான் தூங்கிய முதல் உருப்படியான தூக்கம் அதுதான். நர்ஸ் வரவில்லை. விடுப்பில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வாரமும் வரவில்லை. நிரந்தரமாக ஆள் போடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பேன்ட்ரியில் ஜாய்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எட்டு மாதங்களுக்கு முன் என் அப்பா வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டிருந்தார். அவருடைய எக்ஸ்ரே அறிக்கையை முந்தின வாரம்தான் அலுவலகத்தில் அச்செடுத்திருந்தேன். ஜாய்ஸ் அதைப் பார்த்திருக்கிறார், அதனால்தான் விசாரிக்கிறார் என்று நினைத்தேன்.

"வீட்ல யாரு பாத்துக்கறாங்க?" என்றார்.

"அம்மாதான்."

"நல்லது. எத்தனை மாசம் ஆச்சு?"

"எட்டு மாசம்."

"நடக்க ஆரம்பிச்சாச்சா?"

"இப்பதான். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு."

"எட்டு மாசத்துலயேவா!" ஜாய்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

"டாக்டரும் அதைத்தான் சொன்னார்."

"ராத்திரி அழுகை உண்டா?"

"சில நாள். அம்மாவைத் தூங்கவே விடறதில்ல."

"பல்?"

காலுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் அப்பாவுக்குப் பல்செட் போன மாதம்தான் வந்திருந்தது. "போன மாசம்தான் வந்துச்சு" என்றேன்.

"பேரு என்ன?"

"முருகேசன்."

"நீளமான பேரு. நான் முருன்னு கூப்பிடறேன், சரியா?"

என் அப்பா மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை முரு என்று அழைக்க ஒருவர் அனுமதி கேட்கிறார். வெளிநாட்டில் இப்படித்தான் போலிருக்கிறது என்று தலையாட்டினேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் ஃபரீதா வந்தாள். எங்கள் தளத்திலேயே வேறொரு டீமில் இருந்தவள். தாத்தா காலத்திலேயே நாகூர்ப் பக்கமிருந்து வந்து இங்கே கடை வைத்த குடும்பம். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கையில் பெரிய காகிதப் பை. என் மேசைமேல் வைத்தாள்.

"ஜாய்ஸ் சொன்னாங்க. இதெல்லாம் என் மகன் போட்டது. அவனுக்குப் பத்து மாசம், பெரிய சைஸ், எதுவும் ஏறல. எல்லாம் புதுசு மாதிரியே இருக்கு லா. முருகேசனுக்குக் கரெக்டா இருக்கும்."

பைக்குள் பார்த்தேன். என் உள்ளங்கை அளவுக்குக் காலுறைகள். வாத்து போட்ட ஒரு சட்டை.

என் அப்பாவுக்கு நாற்பத்திரண்டு அங்குல இடுப்பு.

அப்போது எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. பாட்டில் என்ன பாட்டில், நாற்காலி ஏன் அப்படி, குளிர்பெட்டி எதற்கு, நர்ஸ் ஏன் வரவில்லை. அது கைக்குழந்தை உள்ள அம்மாக்கள் தாய்ப்பால் எடுத்து வைக்கும் அறை. "இல்லைங்க, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன். சத்தியமாக ஆரம்பித்தேன்.

ஃபரீதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "லஞ்ச் சாப்பிட்டீங்களா கவி? நாங்க தேக்காவுக்குப் போறோம். வாங்களேன்."

கவி. சிங்கப்பூரில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். பையை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, அவளோடு போனேன்.

அடுத்து வந்த மூன்று வாரங்கள் என் வாழ்க்கையில் மிகவும் வெட்கக்கேடான வாரங்கள். மிகவும் சந்தோஷமான வாரங்களும் அவைதான் என்பதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். தினமும் பன்னிரண்டரைக்கு ஃபரீதா என் மேசைக்கு வருவாள். ஒரு ஸ்டேஷன் தள்ளி லிட்டில் இந்தியாவில் இறங்கி, தேக்காவில் இடம் பிடித்து, பிரியாணியோ தோசையோ சாப்பிட்டுக்கொண்டு பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுவோம். ஒன்றரைக்குத் திரும்பி வந்து அதே அறையில் தாழிட்டுக்கொண்டு தூங்குவேன். அவள் பேசுவாள், நான் சமாளித்துவிடுவேன். விடியற்காலை நியூசிலாந்துக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது போர்வைக்குள் நான் 'எட்டு மாதக் குழந்தை என்ன சாப்பிடும்' என்று தேடிக்கொண்டிருப்பேன். சொன்னது மாறிப்போகாமலிருக்க ஓர் அட்டவணையே வைத்திருந்தேன்: பற்கள் எத்தனை, எதற்கு அழுவான், எந்தப் பழம் ஒத்துக்கொள்ளாது. (டெஸ்டர் அல்லவா. பொய்யையும் சரிபார்த்துத்தான் வெளியிடுவேன்.) படம் காட்டச் சொன்னபோது, கண்ணு பட்டுடும்னு அம்மா எடுக்க விட மாட்டாங்க என்றேன். ஃபரீதா நம்பினாள். அம்மா இங்கேயே என்னோடு இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாக நினைத்திருந்தாள். என் கழுத்தில் தாலியோ கையில் மோதிரமோ இல்லாததைப் பார்த்திருப்பாள். ஆனால் கணவரைப் பற்றி ஒருமுறைகூட அவள் கேட்கவில்லை. அது எனக்கு அப்போது வசதியாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை சிராங்கூன் ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது, கடை வாசலில் யானை போட்ட ஒரு குட்டித் தொப்பியைப் பார்த்தேன். கையில் எடுத்து, அளவு சரியாக இருக்குமா என்று யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். கடைக்காரர், "எத்தனை மாசக் குழந்தைக்கும்மா?" என்றார். சட்டென்று வைத்துவிட்டு நடந்தேன். அறைக்கு வந்து வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நிறுத்தியிருக்கலாம். திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வெள்ளியும் நினைப்பேன். திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு அவள் "வாங்க கவி" என்பாள். அவ்வளவுதான்.

இந்த நிலையில் அப்பா கால் தேறி, கைத்தடியோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். மகளைப் பார்க்க வேண்டும் என்று அவரும் அம்மாவும் பத்து நாள் பயணமாக வந்து இறங்கினார்கள். வீட்டுக்கார அம்மா பெரிய மனது வைத்து, காலியாக இருந்த பக்கத்து அறையைக் கொடுத்தார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மார்க்கெட் பார்க்க வேண்டும். தேக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் எள் விழ இடமிருக்காது, யார் கண்ணிலும் பட மாட்டோம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அம்மா முருங்கைக்காய்களை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கூட்டத்தின் நடுவே ஒரு தள்ளுவண்டி வருவதைப் பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் ஃபரீதாவின் கணவர், பக்கத்தில் ஃபரீதா. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து வாழைத்தார்களுக்குப் பின்னால் இழுத்தேன்.

"ஏங்கண்ணு இப்படி இழுக்கற? காலு இன்னும் செரியாகலீன்னு தெரியாதா?" என்று அப்பா ஊருக்கே கேட்கும்படிச் சொன்னார்.

"கவி!" என்றாள் ஃபரீதா.

வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "அங்கிள், ஆன்ட்டி, நான் ஃபரீதா. கவியோட ஆபீஸ்."

அப்பா கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கும்பிட்டார். "வணக்கமுங்க. நான் முருகேசன். கவிதாவோட அப்பா."

"ஓ, தாத்தா பேரையே வச்சிருக்கீங்களா! ஸோ ஸ்வீட் லா. அப்போ சின்ன முருகேசன் எங்க?"

அப்பா நெற்றியைச் சுருக்கினார். "சின்ன முருகேசனா? அது எங்க சித்தப்பா பையனுங்க. இப்ப பெருந்துறையில ரைஸ் மில் வச்சிருக்கான். அவனை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஃபரீதா விழுந்து விழுந்து சிரித்தாள். அங்கிள் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துவிட்டாள். "இல்ல அங்கிள், பேபி. பேபியை யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

"எந்தப் பேபிங்க?" என்றாள் அம்மா.

ஃபரீதா என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அதைப் பார்த்து அவள் ஏதோ ஒன்றைப் புரிந்துகொண்டாள். தவறாகப் புரிந்துகொண்டாள். அம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஆன்ட்டி, எங்கிட்ட மறைக்க வேணாம். எனக்குத் தெரியும். தனியாப் பிள்ளை வளர்க்கிறது இந்தக் காலத்துல தப்பே இல்ல. நீங்க அவங்க கூட நிக்கிறீங்க பாருங்க, அதுதான் பெரிய விஷயம்."

அம்மாவின் கையிலிருந்த முருங்கைக்காய்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

"கவிதா" என்றாள் அம்மா. "இவிய என்ன சொல்றாங்க?"

"அம்மா, குழந்தையெல்லாம் இல்லம்மா. அது அப்பா."

இந்த உலகத்தில் அந்த நேரத்தில் சொல்லக்கூடிய வாக்கியங்களிலேயே மோசமான வாக்கியம் அதுதான். அம்மா அப்படியே ஒரு காலிக் காய்கறிப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். நர்சிங் ஹோம், டானிக் பாட்டில், எக்ஸ்ரே, பல்செட், எல்லாம். காய்க்கடைக்காரர் எடை போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் சிரித்தது அப்பா. "எனக்கு எட்டு மாசமா?" என்றார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். போன உயிர் திரும்பியதில் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபரீதாவின் கணவர்கூடச் சிரிப்பை அடக்கப் பார்த்தார்.

ஃபரீதா சிரிக்கவில்லை.

"அப்போ அந்த ரூம்ல என்ன பண்ணீங்க?"

"தூங்கினேன்."

"தூங்கினீங்க" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "ஒன்றரை மணி என்னோட டைம். உங்களுக்குச் சின்னப் பேபின்னு ஜாய்ஸ் சொன்னதுனால நான் மூணு மணிக்கு மாத்திக்கிட்டேன். மூணு மணிக்கு மீட்டிங் வந்த நாள்லாம் டாய்லெட்ல உட்காந்து பால் எடுத்தேன். பதினோரு நாள்."

அவள் திரும்பி நடந்துவிட்டாள். கணவர் எங்களைப் பார்த்துச் சங்கடமாகத் தலையசைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். வண்டியிலிருந்த பையன் என்னைப் பார்த்துக்கொண்டே போனான். பத்து மாதம். பெரிய சைஸ்தான்.

திங்கட்கிழமை காலை ஜாய்ஸிடம் போய் நின்றேன். "நர்ஸ் இருப்பாங்கன்னு நினைச்சேன்" என்று ஆரம்பித்தேன். ஜாய்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு டிஷ்யூப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தார். தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. நிமிர்ந்தபோது முகம் கண்டிப்பாக இருந்தது.

"முதல் ரெண்டு வாரம் சரி. அதுக்கப்புறம் உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"ஆமா."

அவர் நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தார். "தினமும் பகல்ல அப்படித் தூக்கம் வர உடம்புக்கு என்ன?" என்றார். என் நேரத்தைச் சொன்னேன். விரலை மடக்கி எண்ணினார். ஒருமுறை எண்ணி நம்பாமல் இன்னொருமுறை எண்ணினார். என் கையைப் பிடித்து நேராக டீம் லீடிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"கவிதா எங்கிட்ட கம்ப்ளெயின்ட் எதுவும் பண்ணலயே" என்றார் டீம் லீட்.

"பால் கொடுக்கிற ரூம்ல போய்த் தூங்கியிருக்கா. அதுதான் கம்ப்ளெயின்ட்" என்றார் ஜாய்ஸ்.

மறுவாரத்திலிருந்து என் வேலை நேரம் ஐந்திலிருந்து இரண்டு என்று மாறியது. அவ்வளவுதான். கேட்டிருந்தால் முதல் மாதமே மாறியிருக்கும். யாரும் என்னை விமானத்தில் ஏற்றவில்லை. நர்சிங் ரூம் கதவில் மட்டும் ஒரு புதிய அறிவிப்பு வந்தது: 'இது தாய்மார்கள் பால் எடுப்பதற்கான அறை. இங்கே நர்ஸ் இல்லை.' அதற்குக் கீழே யாரோ பேனாவால் தூங்கும் முகம் ஒன்றை வரைந்துவிட்டார்கள். நான் அந்த அலுவலகத்தைவிட்டுப் போகும்வரை அதை யாரும் அழிக்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் ஊருக்குத் திரும்பிய பிறகு, தினமும் மூன்று மணிக்கெல்லாம் அறைக்கு வந்துவிடுவேன். கட்டில், மின்விசிறி, இழுத்துவிட்ட திரை. ஆசை தீரத் தூங்கலாம். தூக்கம் வரவில்லை. எதிர் பிளாக்கில் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். பன்னிரண்டரைக்கு என் மேசைப் பக்கம் இப்போது யாரும் வருவதில்லை.

காகிதப் பையிலிருந்த துணிகளைத் துவைத்து, தேய்த்து, ஃபரீதாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். 'மன்னிச்சிடுங்க' என்றேன். அவள் தலையை அசைத்தாள். மன்னித்ததாகவும் எடுத்துக்கொள்ளலாம், போகச் சொன்னதாகவும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஒரு மாதம் 'ஹாய் கவிதா', 'பை கவிதா'. வேறு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. கடைசி நாளன்று லிஃப்டுக்குள் அவளும் நானும் மட்டும் நின்றோம். கீழ்த்தளம் வந்தது. கதவு திறந்ததும் வெளியே போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"முதல் நாளே சொல்லியிருந்தாலும் நான் லஞ்சுக்குக் கூப்பிட்டிருப்பேன் லா. பேபி இல்லாதவங்க சாப்பிட மாட்டாங்களா?"

கதவு மூடிக்கொண்டது. நானும் அங்கேதான் இறங்க வேண்டும். இறங்க மறந்து மறுபடியும் மேலே போய்விட்டேன்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் இன்றுவரை சொல்கிறார்கள். சொல்பவர் அப்பா. கல்யாண வீடு, காதுகுத்து, பென்ஷன் அலுவலக வரிசை, எங்கே நான்கு பேர் சேர்ந்தாலும் ஆரம்பித்துவிடுவார். என்னைப் பெண் பார்க்க வந்த வீட்டாரையும் விடவில்லை. காபி கொடுத்து முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணு மறைக்காமச் சொல்லிடறனுங்க. எங்க புள்ளைக்குச் சிங்கப்பூர்ல எட்டு மாசத்துல ஒரு குழந்தை இருந்துச்சு" என்றார். மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த தம்ளர் சாய்ந்து, காபி பட்டுப் புடவையில் ஊற்றியது. நான் சமையலறைக்குள் நின்று செத்துக்கொண்டிருந்தேன். அப்பா நிதானமாக எல்லாவற்றையும் சொல்லி, "அந்தக் குழந்தை நான்தானுங்க" என்று முடித்தார். கூடமே அதிர்ந்தது. சம்பந்தி அம்மாள் புடவையை உதறிக்கொண்டே சிரித்தார்.

அப்பாவின் கதை எப்போதும் அங்கேதான் முடியும். அதற்குமேல் சொன்னால் சிரிப்பு வராது என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு மாப்பிள்ளையையும் என்னையும் மொட்டை மாடிக்குப் பேச அனுப்பினார்கள். அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். என் சம்பளத்தைக் கேட்பார், சமைக்கத் தெரியுமா என்பார், திரும்ப சிங்கப்பூர் போகும் எண்ணமா என்பார் என்று மூன்று பதில்களைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

"அந்த ஃபரீதா உங்களோட மறுபடியும் பேசினாங்களா?" என்றார்.

எத்தனையோ பேர் கேட்டுச் சிரித்த கதை. இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கீழேயிருந்து அம்மா கூப்பிடும்வரை லிஃப்டில் நடந்ததை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டதும் இறங்கிப் போய், கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.